நற்கருணைக்குப் போன பஸ்

பஸ் ஷுப்ராப் பேட்டையை விட்டுக் கிளம்பும் முன்பே ஈரினிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பஸ்ஸின் மேல் பழி சொல்ல முடியாது. அது வழக்கம்போலத் தாமதமாக வந்தது, வழக்கம்போல ஜன்னலோர இருக்கைக்கு அடிதடி நடந்தது, வழக்கம்போலத் தாசோனி நக்வா கையில் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு எல்லோரையும் அதட்டினாள். கோவில் வேலைகளைப் பார்க்கும் பெண்களைத் தாசோனி என்றுதான் கூப்பிடுவோம். நக்வாவுக்கு வெறும் குரலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவள் கையில் ஒலிபெருக்கியையும் கொடுத்த புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஈரினியின் கலக்கத்துக்குக் காரணம் அவள் கணவர் ஷுக்ரி. ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தார். பையில் சிகரெட் பாக்கெட்.

"அதை எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

"சும்மா இருக்கட்டும். இருந்தா ஒரு தைரியம்."

"ஒரு இழுப்பு இழுத்தாலும் உபவாசம் போச்சு. ஞாபகம் இருக்கில்ல?"

"நேத்துதான் ஞானஸ்நானம் வாங்கின மாதிரி எனக்குப் பாடம் எடுக்காத, ஈரினி."

இன்றைக்கு இந்த மனுஷனிடம் வாக்குவாதம் வைத்துக்கொள்வதில்லை என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தாள்.

விஷயம் இதுதான். அவர்களுடைய ஒரே மகன் ரம்சி, ராணுவ சேவை முடிந்து வீடு திரும்பும் வழியில் மைக்ரோபஸ் கவிழ்ந்து செத்துப்போனான். கோவிலில் பீடத்து வாசலுக்கு நேர் எதிரே அவன் பெட்டியை இறக்கி வைத்தார்கள். நற்கருணை வாங்க ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் வந்து நிற்பார்களே, அதே இடம். பெட்டியை எங்கே வைப்பது என்பது வழக்கம், யாரும் யோசித்துச் செய்ததில்லை. ஆனால் ஷுக்ரி அன்றைக்கே சொல்லிவிட்டார்: "என் பிள்ளையைக் கிடத்தின இடத்துல நின்னுக்கிட்டு நான் வாயைத் திறக்க மாட்டேன்." ஆறு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவர் கோவில் படி ஏறவில்லை. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை தோறும் ஈரினி மட்டும் பூசைக்குப் போய் வந்தாள். அவள் திரும்பி வரும்போது அவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

போன மாதம் ஒரு நாள் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும்போது, தலையைத் தூக்காமல் கேட்டார்: "மடத்துக்குப் போற பஸ்ல இடம் இருக்கா?" ஈரினிக்குக் கை நின்றுவிட்டது. பாலைவனத்துத் துறவிகளின் மடம் வேறு கோவில், வேறு பீடம். அங்கே தரையில் யாருடைய பெட்டியும் இருந்ததில்லை. அவளுக்குப் புரிந்தது. புரிந்ததைச் சொன்னால் கெட்டுப்போகும் என்று பயந்து, "பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு எங்கள் பாதிரியார் அபூனா சுரியால் வீட்டுக்கே வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு ஷுக்ரியின் பாவசங்கீர்த்தனம் கேட்டார். போகும்போது ஈரினியிடம், "மடத்துல இறங்கின உடனே பூசை வைக்கிறேன். அவருக்கு நற்கருணை குடுத்துடலாம். நீ மட்டும் அவரை அது வரைக்கும் பத்திரமா கொண்டு வந்து சேத்துடு," என்றார்.

பத்திரமா கொண்டு வந்து சேர்ப்பதாம். நற்கருணை வாங்குகிறவர் நள்ளிரவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது. ஒரு பஸ் நிறைய எகிப்துக்காரர்கள். அடுத்தவர் வாய் சும்மா இருப்பதைப் பார்த்தால் அவர்களுக்குத் தாங்குமா?

முதல் ஆபத்து அடுத்த இருக்கையிலேயே இருந்தது. இன்சாஃப் அம்மாள். சர்க்கரை நோய் என்பதால் உபவாசம் வேண்டாம் என்று அபூனாவே சொல்லியிருந்தார். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு அவள் சுற்றுச்சாலை வருவதற்குள் இரண்டு சாண்ட்விச்சை முடித்துவிட்டு, வறுத்த பூசணி விதைப் பொட்டலத்தைப் பிரித்தாள். முதல் பிடியை ஷுக்ரியிடம்தான் நீட்டினாள்.

"இந்தா தம்பி, வாயில போட்டுக்க. முகம் ஏன் இப்படிக் கிடக்கு?"

ஈரினி பாய்ந்து அவள் கையை மடக்கினாள். "அவரு இன்னிக்கு நற்கருணை வாங்கறாரு."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் பஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. முன்னால் இருந்த தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. யாரோ "கடவுளுக்கு நன்றி" என்றார்கள். யாரோ கைதட்டப் பார்த்தார்கள். தாசோனி நக்வா ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டு போனாள். ஈரினி எழுந்து நின்று இரு கைகளாலும் கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள். நக்வாவும் மனசில்லாமல் அதை இறக்கினாள்.

ஷுக்ரியின் காது சிவந்துவிட்டது. "அடுத்த பெட்ரோல் பங்க்ல நான் இறங்கிக்கறேன்."

"இறங்கி?"

"வீட்டுக்குப் போறேன். தேர்ல வெச்சு இழுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்கு எனக்கு."

நல்ல வேளையாக அப்போது ஓட்டுநர் சப்ரி ஒரு லாரிக்காகத் திடீரென்று பிரேக் போட்டான். பின்னால் கட்டி வைத்திருந்த வேகவைத்த மொச்சைப் பாத்திரம் மூடியைத் தள்ளிக்கொண்டு கிளம்பியது. மதியச் சாப்பாட்டில் பாதி, பாட்டுக்காரப் பையன்களின் வெள்ளை அங்கிகள் இருந்த மூட்டைமேல் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் எழுந்து அலறியதில் ஷுக்ரியை மறந்துபோனார்கள். மொச்சைக்கு மனதுக்குள் நன்றி சொன்ன ஒரே ஆள் ஈரினிதான். அங்கிகளைத் துடைக்க ஓடியவர்கள், பூண்டும் எண்ணெயும் மணக்க மணக்கத் திரும்பி வந்தார்கள். வெறும் வயிற்றுக்காரர்களுக்கு அந்த வாசனையே போதுமான சித்திரவதை. போதாததற்கு, பூசைக்கான அப்பங்கள் முன் இருக்கையில் ஒரு பிரம்புக்கூடையில் இருந்தன. விடியற்காலையில்தான் கோவில் அடுப்பிலிருந்து எடுத்தவை. அந்தக் கூடை ஆடும்போதெல்லாம் பஸ் முழுக்கப் புது ரொட்டி மணம். ஷுக்ரி கண்ணை மூடிக்கொண்டார். ஈரினி கண்ணை மூடவே இல்லை.

கடற்கரைச் சாலைக்கு வந்த பிறகு மடத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தை சப்ரி விட்டுவிட்டான். அவன்மேல் முழுத் தப்பும் இல்லை. அந்த நேரம் பார்த்து நக்வா பைபிள் வினாடி வினா நடத்திக்கொண்டிருந்தாள், நோவாவின் பேழை எந்த மலையில் தங்கியது என்று கேட்டதற்கு சப்ரி முந்திக்கொண்டு பதில் சொல்லப் பார்த்தான். முஸ்லிமாக இருந்துகொண்டு எங்கள் ஆட்களை ஜெயித்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. பேழை மலையில் தங்கியது, பஸ் ஒரு சுற்றுலா விடுதியின் வாசலில் தங்கியது. காவல்காரன் தடுப்பைத் தூக்கிவிட்டான், கல்யாண கோஷ்டி என்று நினைத்திருக்கிறான். கறுப்பு அங்கியும் நீண்ட தாடியுமாக அபூனா வழி கேட்க இறங்கினார். நீச்சல் உடையில் நின்ற ஒரு ரஷ்யக் குடும்பம் அவரோடு படம் எடுத்துக்கொள்ளாமல் விடவில்லை. அபூனா நல்லவர், அதற்கும் நின்றார்.

"இதுக்குள்ள பூசை ஆரம்பிச்சிருக்கணும்," என்றாள் ஈரினி.

"விதியில இல்லன்னா விடு," என்றார் ஷுக்ரி.

அந்த ஒரு சொல் அவளைக் குத்தியது. அவர் குரலில் கோபம் இல்லை, நிம்மதிதான் இருந்தது. தப்பிக்க வழி கிடைத்தவருடைய நிம்மதி. தண்ணீரில் இறங்க வந்தவர், கால் விரலை மட்டும் நனைத்துவிட்டுத் திரும்புவதற்குச் சாக்குத் தேடுவது போல இருந்தது. ஒரு சாக்கு கிடைத்தால் போதும், இன்னும் ஆறு வருஷம் ஓடிவிடும். அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் திரும்பி வந்து சரியான சாலையைப் பிடித்து, பாலைவனத்துக்குள் பாதி தூரம் போனதும் புகை விட்டு நின்றது. ரேடியேட்டர். எல்லோரும் இறங்கினார்கள். பஸ்ஸின் நிழலைத் தவிர அங்கே வேறு நிழல் இல்லை. ஒரு பெண் மயக்கமாக வருகிறது என்று உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளைகள் சிணுங்கின. சப்ரி இதையெல்லாம் பார்த்தான். ஈர மனசுக்காரன். உள்ளே ஏறிப் போய் அந்தப் பிரம்புக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இவ்வளவு ரொட்டியை வெச்சுக்கிட்டு ஏம்மா பட்டினி கிடக்கறீங்க? சாப்பிடுங்க. காசு நான் குடுக்கறேன்."

ஆளுக்கு ஒன்றாக நீட்டிக்கொண்டே போனான். வெயிலில் பாதி மயக்கத்தில் இருந்தவர்கள் நீட்டிய கையில் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பையன் கடித்தே விட்டான். ஈரினி திரும்பிப் பார்த்தால், ஷுக்ரியின் கையிலும் ஒன்று. அதை மூக்கருகே வைத்திருந்தார். அவள் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு மணலில் நின்றுவிட்டது. ரொட்டியைப் பிடுங்கி அவர் வாயைத் திறந்து பார்த்தாள், நிஜமாகவே தாடையைப் பிடித்துத் திறந்து பார்த்தாள்.

"மோந்து பாத்தேன், அவ்வளவுதான்," என்றார் ஷுக்ரி. "மோந்து பாக்கறதும் பாவமா?"

"அது பூசைக்கு உள்ளதுப்பா சப்ரி," என்று அபூனா வந்து கூடையை வாங்கினார். சப்ரிக்கு முகம் செத்துவிட்டது. அபூனா அவன் தோளைத் தட்டி, "விடு. பீடத்துக்கு ஒண்ணுதான் வேணும். மிச்சம் இருக்கிறதுல நல்லதா ஒண்ணு இருக்கு," என்றார்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. கொஞ்ச நேரத்தில் ஷுக்ரி எழுந்து பஸ்ஸுக்குப் பின்னால் போனார். சப்ரியும் அங்கேதான் இருந்தான். சப்ரி ஒன்றை அணைத்து அடுத்ததைப் பற்றவைக்கிற ஆள். ஈரினி இருந்த இடத்திலிருந்து இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் தெரிந்தன. பஸ்ஸுக்கு மேலே மெல்லிசாகப் புகை எழுந்தது. ரேடியேட்டர் புகையா, சிகரெட் புகையா? எட்டிப் பார்த்தாள். எழுந்து போனால் வேவு பார்ப்பதாகச் சொல்லிக் கோபித்துக்கொள்வார். போகாமல் இருந்தால் ஒரு இழுப்பில் எல்லாம் போய்விடும். ஒரு இழுப்புத்தானே என்று சப்ரி நீட்டியிருப்பான், இவரும் மறுத்திருக்க மாட்டார். ஐயோ, அந்தப் பாக்கெட்டைக் காலையிலேயே பிடுங்கிக் கால்வாயில் வீசியிருக்க வேண்டும்.

"பரவால்லயே, நீயும் சாப்பிடறியா?" என்றாள் பக்கத்தில் விதைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இன்சாஃப் அம்மாள். "நான்தான் தனியா தின்னுக்கிட்டிருக்கேனோன்னு சங்கடமா இருந்துச்சு."

ஈரினி தன் கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் விதைத் தோல்கள். மடியில் விதைத் தோல்கள். நாக்கில் உப்பு.

அவளுக்கு முதலில் ஒன்றுமே தோன்றவில்லை. பிறகு துப்பினாள். துப்பி என்ன ஆகப் போகிறது, எத்தனை விழுங்கினாளோ. கூடவே தானும் நற்கருணை வாங்க இருந்தவள், காலையிலிருந்து இன்னொருவர் வாய்க்குக் காவல் இருந்துவிட்டுத் தன் வாயைத் திறந்து போட்டிருக்கிறாள். சீ, என்ன பிறவி நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மடியை உதறிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் போனாள். சப்ரி புகைத்துக்கொண்டிருந்தான். ஷுக்ரி ஒரு துணியை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"சோதனை போட வந்தியா?"

"தண்ணி வேணுமான்னு கேக்க வந்தேன்."

"நீதானே குடிக்கக் கூடாதுன்ன?"

"ரேடியேட்டருக்கு."

சப்ரி சிரித்தான். ஷுக்ரியும் உதட்டோரம் சிரித்தார். ஈரினிக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் கேட்டால் என்ன சொல்வது? தான் வாங்கப் போவதில்லை என்று தெரிந்தால் இவர் விட்டுவிடுவார். "நீயே வாங்கல, எனக்கு மட்டும் என்ன" என்பார். அதில் சந்தேகமே இல்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா.

பஸ் ஒருவழியாகக் கிளம்பியது. மடத்துச் சுவர் தூரத்தில் தெரிந்தபோது ஈரினி மெதுவாக நக்வாவின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "தாசோனி, ஒரு சந்தேகம். ஒருத்தங்க தெரியாத்தனமா கொஞ்சூண்டு எதையாவது வாயில போட்டுட்டா, நற்கருணை வாங்கலாமா? எனக்கு இல்ல. தெரிஞ்சவங்களுக்கு."

நக்வாவின் கண்கள் விரிந்தன. கை தானாக ஒலிபெருக்கிக்குப் போனது. "எல்லாரும் கவனிங்க. நம்மள்ல யாரோ ஒருத்தங்க தெரியாம சாப்பிட்டுட்டாங்களாம். அபூனா, அவங்க வாங்கலாமா?"

அபூனா திரும்பாமலே, "தெரிஞ்சாலும் தெரியாட்டியும் இன்னிக்கு இல்ல. அதுக்காக அழ வேண்டாம்," என்றார்.

ஷுக்ரி ஈரினியின் காதருகே குனிந்தார். "எவளோ நல்லா மாட்டிக்கிட்டா பாரு."

"ஆமா," என்றாள் ஈரினி. தானும் சிரித்தாள். சிரித்தது போதுமா என்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

மடத்தின் பழைய கோவிலில் இருட்டும் குளிர்ச்சியுமாக இருந்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம். ஈரினி கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் இடம் பார்த்து உட்கார்ந்தாள். அங்கிருந்து ஷுக்ரியின் முதுகு தெரியும், அவருக்கு இவள் தெரிய மாட்டாள். மொச்சைக் கறையோடு பையன்கள் பாடினார்கள். அவள் எதையும் கேட்கவில்லை. அவர் எழும்போது எழுகிறாரா, குனியும்போது குனிகிறாரா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அவர் கை சட்டைப் பைக்குப் போனது. பாக்கெட்டா என்று பார்த்தாள். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நற்கருணை நேரம் வந்தது. ஆண்கள் பக்கம் அபூனா சுரியாலும், பெண்கள் பக்கம் ஒரு துறவியும் வந்து நின்றார்கள். வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். பெண்கள் தலையில் வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டார்கள். ஷுக்ரியும் கழற்றினார். குனிந்து இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு, வரிசையில் போய் நின்றார். ஈரினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். போ, போய்விடு, திரும்பிப் பார்க்காதே என்று மனசு அடித்துக்கொண்டது.

வரிசை நகர்ந்தது. அவருக்கு முன்னால் மூன்று பேர். இரண்டு பேர். அவர் திரும்பிப் பார்த்தார்.

பெண்கள் வரிசையை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு இருக்கைகளைப் பார்த்தார். ஈரினி தூணோடு ஒட்டினாள். அவள் தலையை மறைத்தாளே தவிர, செருப்புப் போட்ட கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஷுக்ரி வரிசையை விட்டு விலகினார். வெறும் காலோடு கோவிலின் குறுக்கே நடந்து பெண்கள் பக்கம் வந்தார். இன்சாஃப் அம்மாள் "எங்க வரீங்க, எங்க வரீங்க" என்று கையால் விரட்டினாள். அவர் அவளைத் தாண்டி வந்து ஈரினியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் செருப்பைக் கழட்டல?"

"கால் வலிக்குது. நீங்க போங்க, வரிசை முடிஞ்சிடும்."

"ஈரினி."

"பூசணி விதை தின்னுட்டேன்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "நீயா? பஸ்ல சொன்னது உன்னையா?" அவர் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் இருக்கக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"சிரிக்காதீங்க. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு உங்களை என்ன பண்றதுன்னு தெரியல. இந்த ஒரு நாளுக்காக எவ்வளவு வேண்டிக்கிட்டேன் தெரியுமா? போங்க. உங்களுக்காக வேணாம், எனக்காகப் போங்க."

"நீ இல்லாம தனியா எப்படிப் போறது?"

"நான் போகலையா? ஆறு வருஷமா நான் தனியா போகலையா?"

அவர் சிரிப்பு நின்றது.

ஆண்கள் வரிசை முடிந்துவிட்டது. அபூனா கையில் திருத்தட்டோடு கோவிலைச் சுற்றிப் பார்த்தார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஷுக்ரியிடம் அவர் பார்வை வந்து நின்றது. காத்திருந்தார். ஷுக்ரி வலது கையை நெஞ்சில் வைத்து, மெல்லத் தலையை அசைத்தார். அபூனா இன்னும் ஒரு கணம் பார்த்தார், பிறகு உள்ளே திரும்பினார். பீடத்துத் திரை மூடியது. ஈரினி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எல்லாம் போயிற்று, தன்னால் போயிற்று, ஒரு கைப்பிடி விதையால் போயிற்று.

ஷுக்ரி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"அந்த இடத்துலயா நின்ன?" என்று கேட்டார். "நம்ம கோவில்ல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்."

"வேற எங்க நிப்பாங்க?"

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

அவர் மூடிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்காட்டைக் கழற்றியபடி பெண்கள் ஒவ்வொருவராக அவர்களைக் கடந்து போனார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நக்வாகூடக் கேட்கவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை என்னை எழுப்பு," என்றார்.

"எதுக்கு?"

"நம்ம கோவிலுக்குப் போகத்தான்."

ஈரினி முகத்தைத் தூக்கினாள். "அங்கேயா? அவனை வெச்ச இடத்துக்கா?"

"அங்கதான். நீ உன் பக்கம் நில்லு, நான் என் பக்கம் நிக்கறேன்," என்றார் ஷுக்ரி. "அவன் நடுவுல இருக்கட்டும்."